புதிய ஜன்னலில் திறக்கும்

வீட்டில் அவளுக்குச் சுட்டி என்று பெயர். ஐந்து வயதில் வாய் ஓயாமல் பேசியதற்காக அண்ணன் வைத்தது. இணையதளம் கட்டித் தருவது அவள் தொழில். லிங்க்கைச் சுத்தத் தமிழில் சுட்டி என்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அலுவலகத்திலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

அண்ணன் கட்டட வரைபடம் போடுகிறவராக இருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் பார்வை போய்விட்டது. இப்போது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு குரலின் துணையோடு கணினியைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருந்தார். காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு பள்ளிக்கு அவள் இணையதளம் செய்து முடித்ததும், "ஒரு தடவை பார்த்துச் சொல்லுண்ணா" என்று அவரிடம்தான் கொடுத்தாள். பார்ப்பது என்ற சொல்லை இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அண்ணன் ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். முதுகுப்பக்கம் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"என்னண்ணா?"

"முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகணும். பின்னாடி போற விசை வேலையே செய்யல."

அவள் திரையைப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது ஜன்னல்கள் திறந்து கிடந்தன. எந்த லிங்க்கை அழுத்தினாலும் புது ஜன்னல் திறக்க வேண்டும் என்பது தலைமை ஆசிரியை சொன்ன ஏற்பாடு. வெளியே போனவர்கள் திரும்ப வரமாட்டார்கள் என்பது அவர் கவலை.

"இது புது ஜன்னல்ண்ணா. இதுல பின்னாடி போக ஒண்ணும் கிடையாது. இதை மூடினாத்தான் பழசு தெரியும்."

"புது ஜன்னல்னு எனக்கு யாரு சொன்னா?" என்றார். பிறகு குரல் தணிந்து, "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன், சுட்டி. ஒரு மணி நேரமா அதான் உன்னைக் கூப்பிடல" என்றார்.

ஒரு காலத்தில் பத்து மாடிக் கட்டடத்தில் ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மனசுக்குள்ளேயே பார்த்துச் சொன்னவர். சுட்டி மேலே கிடந்த எட்டு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக மூடினாள்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையோடு மல்லுக்கு நின்றாள். "திரும்பி வரணும்னு நெனக்கிறவங்களுக்கு வழி இருந்தா அவங்களே வருவாங்க மேடம். நாம கையைப் பிடிச்சு இழுக்க வேண்டாம்" என்றாள். அவர் அரை மனதாகச் சம்மதித்தார். தளம் முழுக்க இருந்த நூற்றுச் சொச்சம் லிங்க்குகளையும் ஒரே கட்டளையில் மாற்றினாள். இனி எல்லாம் அதே ஜன்னலில் திறக்கும். அன்று முழுவதும் அவள் மனம் லேசாக இருந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. தலைமை ஆசிரியை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அதை அவளுக்கு அனுப்பியிருந்தார்.

"நான் தையற்காரி. என் மகளுக்காக உங்கள் சேர்க்கை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். மூன்று மணி நேரம் ஆனது. இருபதாம் கேள்வியில் எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று தெரிந்துகொள்ள, பக்கத்தில் இருந்ததை அழுத்தினேன். வேறு பக்கம் வந்தது. திரும்பி வந்தபோது எல்லாம் காலி. மற்ற கேள்விகளைத் திரும்ப எழுதிவிடுவேன். பத்தொன்பதாம் கேள்வியை என்னால் திரும்ப எழுத முடியாது. அது இல்லாமல் அனுப்பலாமா?"

பத்தொன்பதாம் கேள்வி, 'உங்கள் குழந்தையைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள்' என்பது.

விண்ணப்பத்துக்குள்ளும் லிங்க்குகள் இருந்தன. நூற்றோடு நூற்றொன்றாக அவற்றையும் மாற்றியிருந்தாள். தையற்காரி எழுதியது எங்காவது தங்கியிருக்குமா என்று தேடினாள். அனுப்பாத விண்ணப்பம் எங்கும் போய்ச் சேருவதில்லை என்பது அவளுக்கே தெரியும். இருந்தாலும் தேடினாள்.

மறுநாள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தையற்காரியின் கடைக்குப் போனாள். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், சாவி வெட்டும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரே ஓர் அறை. சுவரெல்லாம் நீளம் குறைக்க வந்த கால்சட்டைகள். தையற்காரிக்கு நாற்பது வயதிருக்கும். மகள் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு பட்டன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த லிங்க்கை மாத்தினது நான்தான்க்கா. எங்க அண்ணனுக்கு வசதியா இருக்கட்டும்னு மாத்தினேன். விண்ணப்பத்துல என்ன ஆகும்னு யோசிக்கல. மன்னிச்சிடுங்க."

தையற்காரி ஒரு மடிப்பை விரலால் நீவிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப நான் தப்பான எடத்துல அழுத்தலையா?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் அழுத்தினீங்க."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொல்லலம்மா. கம்ப்யூட்டரை எதுக்குத் தொட்டேன்னு கேட்பாரேன்னு."

சுட்டி மடிக்கணினியைத் திறந்தாள். "நீங்க வாயால சொல்லுங்க, நான் அடிக்கிறேன். முன்னாடி எழுதின மாதிரியே வரணும்னு இல்ல" என்றாள்.

"முன்னாடி எழுதினது, இவளுக்குக் காது கேக்காதுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு நடந்தது. அஞ்சு வருஷத்துல யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒரு தடவைதான் வரும் அது." பிறகு மகளைக் கண்ணால் காட்டினாள். "அவ ஏன் அப்படிப் படுத்திருக்கா தெரியுமா? நான் மெஷினை மிதிச்சா பலகை அதிரும். அதிர்வு நின்னா அம்மா எந்திரிக்கப் போறான்னு தெரிஞ்சுக்குவா. நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவ கதவுகிட்ட நிப்பா. இதை எழுதலாமா?"

"எழுதலாம்க்கா."

அரை மணி நேரம் சொன்னாள். இரண்டு இடங்களில் சிரித்தாள். முடித்ததும் ஒரு முறை வாசித்துக் காட்டச் சொன்னாள். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது வேற" என்றாள்.

அன்று மதியமே வேலையில் உட்கார்ந்தாள். விண்ணப்பத்தில் எழுதுவது எழுத எழுதத் தானாகச் சேமிக்கப்படும்படி செய்தாள். விண்ணப்பத்துக்குள் இருந்த ஏழு லிங்க்குகளை மட்டும் மறுபடி புது ஜன்னலுக்கு மாற்றினாள். ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் 'புதிய ஜன்னலில் திறக்கும்' என்று எழுத்தில் சேர்த்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் விசையைத் தட்ட, குரல் அந்த மூன்று வார்த்தைகளையும் படித்தது. உள்ளே போனார், ஜன்னலை மூடினார், விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"இவ்வளவுதான். முன்கூட்டியே சொல்லிட்டா நான் பார்த்துக்குவேன்."

தலைமை ஆசிரியைக்குத்தான் தலை சுற்றியது. "முடிவா சொல்லும்மா. புது ஜன்னலா, அதே ஜன்னலா?"

"எழுதிக்கிட்டிருக்கிற எடத்துல மட்டும் புதுசு மேடம். அதுவும் சொல்லிட்டுத்தான். மத்த எல்லாம் அதே ஜன்னல்."

"இதை முன்னாடியே யோசிச்சிருக்கலாமே."

"யோசிச்சிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து அந்தச் சிறுமிக்கு இடம் கிடைத்தது. தையற்காரி நன்றி சொல்லி நான்கு வரி எழுதியிருந்தாள். ஐந்தாவது வரியில் இன்னொன்று இருந்தது: 'கேள்விகளின் எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது. கடைக்கு வரும் அம்மாக்கள் இரண்டு பேர் சொன்னார்கள்.'

எழுத்தைப் பெரிதாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த முறை சுட்டி உடனே கை வைக்கவில்லை. விண்ணப்பத்தைத் திறந்து, இல்லாத ஒரு குழந்தையின் பெயரைப் போட்டு, முதல் கேள்வியிலிருந்து நிரப்பத் தொடங்கினாள்.