பதின்மூன்றாவது தட்டு

ஆறு வருஷமாக நாட்டின் ஆறு, ஏரிகளைச் சோதித்ததில் ஆய்வாளனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கண்டாலே முகம் சுளிப்பான். மனைவிக்கு ஏழாம் மாதம். அவளுக்காகத் தினமும் ஆபீஸ் கேனிலிருந்து ஐந்து லிட்டர் பிடித்து, பைக்கின் முன்னால் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போவான். தண்ணீரைச் சோதிக்கிற ஆபீசிலேயே தண்ணீர் சரியில்லை என்றால் நாடு தாங்குமா என்பது அவன் வாதம்.

அன்று நாலு மணிக்குள் ஆண்டறிக்கை போக வேண்டும். ஆற்றில் பன்னிரண்டு இடம், பன்னிரண்டு கண்ணாடித் தட்டு. மலக்கிருமி இருந்தால் தட்டில் நீலப்புள்ளி முளைக்கும். பதின்மூன்றாவது தட்டு 'பிளாங்க்': கொதித்து ஆறிய சுத்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஆற்றங்கரை வரை கூட்டிப்போய், திறந்து மூடி, திரும்பக் கூட்டிவருவார்கள். அதில் ஒரு புள்ளிகூட வரக்கூடாது. வந்தால் பன்னிரண்டு கணக்கும் குப்பைக்கு.

சாக்கடை கலக்கும் எட்டாம் இடத்தில் நூற்றெண்பது புள்ளி. பிளாங்கில் இருநூற்றுப் பன்னிரண்டு.

மறுபடி எண்ணினான். இரண்டு கூடியது.

"லேபிள் மாறியிருக்கும் தம்பி, மாறித்தான் ஆகணும்!" என்றார் அதிகாரி. நெற்றியெல்லாம் வேர்வை.

பாட்டில்களோடு ஆற்றுக்குப் போய்வந்த டிரைவர், வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "சார், அது வந்து... நேத்து அஞ்சாவது இடத்துல மண்டை பிளக்கிற வெயில். அந்த பாட்டிலக் குடிச்சிட்டேன்."

"பிளாங்கையா?"

"மத்ததெல்லாம் ஆத்துத் தண்ணி சார். அதக் குடிக்க எனக்கென்ன பைத்தியமா?"

"வாய் வெச்சா குடிச்சீங்க அண்ணே?" என்றான் ஆய்வாளன்.

"சேச்சே, அண்ணாந்துதான். காலியாக் குடுத்தா மரியாதையா இருக்காதேன்னு, வந்ததும் நம்ம ஆபீஸ் கேன்ல பிடிச்சு நிரப்பி வெச்சேன்."

அதிகாரிக்குப் போன உயிர் வந்தது. "அப்ப நம்ம கையும் சுத்தம், ஆத்துக் கணக்கும் பத்திரம்!" என்று மேஜை டம்ளரை எடுத்து ஒரு மடக்கு வாயில் ஊற்றினார். விழுங்கவில்லை. கன்னம் உப்பியபடி அப்படியே நின்றார்.

ஆய்வாளன் மனைவிக்குப் போன் போட்டான்.

"அந்தத் தண்ணியக் குடிக்காதே!"

"இப்பத்தாங்க ஒரு சொம்பு குடிச்சேன். நாலு நாளா வயித்தால போகுதே, நிறையக் குடின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குழந்தை அசையுதா?"

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"இருங்க... ம், உதைக்குது. என்னங்க ஆச்சு?"

அவன் பைக் சாவியை எடுத்தான். "கிளம்பி ரெடியா இரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். குடிக்கிறதுக்குக் குழாய்த் தண்ணியக் கொதிக்க வெச்சு எடுத்துக்கோ."

"முதல் மாசமே நான் அதத்தானேங்க சொன்னேன்?"

அவன் ஹெல்மெட்டைத் தேடி ஓடும்போது, அதிகாரி வாஷ்பேசினிலிருந்து நிமிர்ந்தார்.

"தம்பி, இந்த இருநூத்திப் பதினாலை எங்க எழுதறது? படிவத்துல நமக்குக் கட்டமே இல்லையே!"