சைப்ரஸுக்கு எழுபத்தொரு மதிப்பெண்

பதினொரு நாளாக இரண்டு செடிகள் எங்கள் வாசற்படியில் கறுப்புப் பாலிதீன் பையோடு நின்றுகொண்டிருந்தன. ஒன்று சைப்ரஸ் என்ற ஊசியிலை மரக்கன்று, என் இடுப்பு உயரம். இன்னொன்று டேலியா, உச்சியில் தட்டு அகலத்துக்கு ஒரு சிவப்புப் பூ. வாசலில் செடி வைக்கத் தோதாக இருப்பது ஒரே ஓர் இடம். எதை வைப்பது? முப்பத்திரண்டு வருடம் கோயமுத்தூரில் அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ டெண்டர்களைப் பிரித்து, ஒப்பிட்டு, இன்னாருக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன். இந்த மயில்சாமி இரண்டு செடிக்கு முன்னால் இப்படித் திணறுவான் என்று எவனாவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

விஷயம் செடி மட்டும் இல்லை. ரிட்டயரான கையோடு நீலகிரி மலையில், கட்டபெட்டில் இந்தச் சின்ன வீட்டை வாங்கினேன். ஆயுசு பூராவும் வெயிலில் வெந்த உடம்பு, மிச்ச நாளாவது குளுகுளுவென்று இருக்கட்டும் என்று ஆசை. என் மனைவி தங்கமணிக்கு அந்த ஆசை இல்லை. மூட்டுவலிக்காரி. வந்த ஆறாம் மாதமே சொல்லிவிட்டாள்.

“தை வரைக்கும் பாக்கறனுங்க. ஆகலைன்னா நா ஸ்வேதா ஊட்டுக்குப் போயிருவேன். நீங்க இங்கியே இருந்துக்குங்க.”

ஸ்வேதா எங்கள் மகள், கோயமுத்தூரில் இருக்கிறாள். தங்கமணி கோபத்தில் கத்தியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அரிசி களைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் மட்டும் என்ன செய்வேன்? வாசலில் பச்சையாகவோ பூவாகவோ ஏதாவது இருந்தால் அவள் மனசு இங்கே ஒட்டிக்கொள்ளும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

முதலில் குழப்பியவர் நர்சரிக்காரர் தேவநேசன். நான் சைப்ரஸைப் பார்த்தால், “வருஷம் பூரா பச்சைங்க சார், எலை கொட்டாது, நீங்க மறந்துட்டாலும் அது பாட்டுக்கு வளரும்” என்பார். கண்ணை டேலியா பக்கம் திருப்பினால், “பூன்னா இதுதாங்க பூ. ஒருக்கா கெழங்கு வெச்சாப் போதும், வருஷா வருஷம் தானா மொளைக்கும்” என்பார். இரண்டில் எது நல்லது என்று கேட்டேன். “ரெண்டுமே நல்லதுங்க” என்று சிரித்தார். அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இரண்டையும் வாங்கிவந்தேன்.

தினமும் காலை ஒன்பதரைக்குப் பஜாருக்கு நடந்து, டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டுப் பதினொன்றரைக்கு வீடு திரும்புவது என் வழக்கம். அந்தப் பதினொரு நாளும் டீக்கடையில் இதே பேச்சுத்தான். சைப்ரஸ் வேர் சாக்கடையை உடைக்கும் என்றார் ஒருவர். உடைக்கவே உடைக்காது, அவர் சொல்வது யூகலிப்டஸ் என்றார் இன்னொருவர். சைப்ரஸ் கல்லறைத் தோட்டத்து மரம், வீட்டு வாசலில் ஆகாது என்றார் தபால்காரர். டேலியாவைக் காட்டெருமை தின்றுவிடும் என்றார்கள். மிதிக்குமே தவிரத் தின்னாது என்றார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதுவே சரி என்று தோன்றியது. வீடு வந்து சேருவதற்குள் மற்றது சரியாகத் தோன்றியது.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தேன். நீளக் காகிதம் எடுத்து, கோடு போட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். உயரம், தண்ணீர், உரம், பனி தாங்கும் திறன், விலங்குத் தொல்லை, அழகு. மொத்தம் நூறு மதிப்பெண். டேலியா அழகில் எகிறிக்கொண்டு போனது. ஆனால் மார்கழிக் குளிர் தொடங்கினால் தண்டு காய்ந்து சாய்ந்துவிடுமாம். அறுத்து எறிந்துவிட வேண்டும், மாசி முடிகிறவரை கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், மேலே ஒன்றும் இருக்காது. ‘வருடத்தில் மூன்று மாதம் வெறும் மண்’ என்று சிவப்பு மையில் எழுதி இருபது மதிப்பெண் கழித்தேன். சைப்ரஸ் எழுபத்தொன்று, டேலியா நாற்பத்தெட்டு.

தங்கமணியிடமும் முறைப்படி கேட்டேன். “ரெண்டுல எதை வெக்கட்டும்?”

அவள் வாசலையும் என்னையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பேனாவோடு காத்திருந்தேன். “உங்க இஷ்டமுங்க” என்று உள்ளே போய்விட்டாள். ‘வீட்டார்: ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

குழி வெட்டச் செல்லையாவைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், இங்கே எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்ந்தவர், இப்போது எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்குத் தோட்டவேலை. மண்வெட்டியோடு வந்தவர் வாசலில் நின்று யோசித்தார்.

“இங்கனயா ஐயா வெட்டுறது?”

“இங்கதான்.”

“கேட்டு ஓரத்துலயும் எடம் கெடக்குதானே ஐயா?”

“அங்க ஒரே கல்லு. வெச்சாலும் யாரு பாக்கறது? சொன்ன எடத்துல வெட்டுங்க.”

அவர் ஒருமுறை சமையலறை ஜன்னலைப் பார்த்துவிட்டு வெட்டத் தொடங்கினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கூலிக்கு வந்தவருக்கு எதற்கு இத்தனை யோசனை? சைப்ரஸை நட்டு, சாணி எரு கொட்டி, காட்டெருமை முட்டாமல் இருக்கச் சுற்றிலும் மூங்கில் நட்டு முள்ளும் சாக்குமாகக் கட்டி முடித்தோம். வாசலே அடைபட்டுப்போனது. ஆனாலும் பச்சையாக, நிமிர்ந்து, கம்பீரமாக நின்றது மரம். டேலியாவைத் தேவநேசனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. அடுத்த நாலு நாளும் அடுப்பங்கரையைவிட்டுத் தங்கமணி வெளியே வரவே இல்லை. இரண்டு ஸ்வெட்டர், தலையில் மப்ளர், காலில் என் சாக்ஸ். ஐந்தாம் நாள் காலை பையோடு வந்து நின்றாள்.

“போயிட்டு வர்றனுங்க.”

“தை வரைக்கும்னு சொன்னயே?”

“முடியலீங்க.”

“உனக்காகத்தான தங்கமணி மரம் வெச்சேன்!” கத்தினேனா, கெஞ்சினேனா என்று எனக்கே தெரியவில்லை. மேஜை டிராயரிலிருந்து பட்டியலை எடுத்துவந்து நீட்டினேன். “பாரு, எத்தன பேருகிட்டக் கேட்டு, எத்தன யோசிச்சு…”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தாள். சிவப்பு மையில் எழுதிய வரியில் விரலை வைத்தாள்.

“இந்த மூணு மாசந்தானுங்க எனக்கு அந்த எடம் வேணும்.”

எனக்குப் புரியவில்லை.

“ஊட்டைச் சுத்தி வேற எங்கயும் வெயில் உளுகறதில்லீங்க. அங்க மட்டுந்தான், பத்து மணிக்கு மேல கொஞ்ச நேரம். நீங்க பஜாருக்குப் போனதும் சேரைப் போட்டுக் காலை நீட்டி உக்காந்துக்குவேன். அதுலதான் அன்னிக்குப் பூரா நடமாட முடியும். டேலியா வெச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. குளுருக்குள்ள அது போயிரும், நா உக்காந்துக்குவேன். இந்த மரம் எப்பவும் நிக்குமே.”

“அப்பவே சொல்லறதுக்கு என்ன? உன்னையக் கேட்டேனே!”

“எதை வெக்கறதுன்னு கேட்டீங்க. எங்க வெக்கறதுன்னு கேக்கலீங்களே.” பட்டியலை மடித்து என் கையில் கொடுத்தாள். “நீங்க எழுதறப்பப் பேசுனா எரிஞ்சு உளுவீங்க.”

கோத்தகிரியில் மாறிக் கோயமுத்தூர் போகும்படி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே குழப்பம். அவளுக்குப் பிடிக்கும் என்றுதானே செய்தேன்? டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் பேச்சைக்கூடக் காது கொடுத்துக் கேட்டவன், கூட இருப்பவள் பகலில் எங்கே உட்காருகிறாள் என்று பார்க்காமல் போனது எப்படி? செல்லையாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே! வெட்கமாக இருந்தது. அவர்மேல் கோபப்பட்டதை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே செல்லையாவைக் கூப்பிட்டேன். முள்ளைப் பிரித்து, மண் உதிராமல் மரத்தைத் தோண்டி எடுத்து, கேட் ஓரத்தில் கல்லைப் பெயர்த்து நட்டார். குழியை மூடி மிதித்துச் சமப்படுத்தினார்.

மறுநாள் நான் பஜாருக்குப் போகவில்லை. வாசலில் சேரைப் போட்டு உட்கார்ந்தேன். கை விரலெல்லாம் விறைத்தது. பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கிழக்கு மேட்டைத் தாண்டி வெயில் காலில் விழுந்தது. முழங்காலுக்கு ஏறியது. அடடா, எத்தனை சுகம்! கண்ணை மூடினேன். திறந்தபோது எதிர்வீட்டு மாடி வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. மணி பத்து ஐம்பது.

நாற்பது நிமிடம். இருபத்துநாலு மணி நேரத்தில் நாற்பது நிமிடம். அதை வைத்துக்கொண்டு ஆறேழு மாதம் எனக்குச் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, முகம் சுளிக்காமல் இருந்திருக்கிறாள். நான் அதிலும் முள்வேலி கட்டினேன்.

போனை எடுத்தேன்.

“தங்கமணி, அந்த எடத்தைக் காலி பண்ணிட்டேன்.”

“ம்.”

“டேலியாவும் வெக்கலை. ஒண்ணும் வெக்கலை.”

“ம்.”

“ஆனா நீ வர வேண்டாம். நாப்பது நிமிசம் வெயிலுக்காக உன்னைய மறுபடி இங்க வரச் சொல்ல மாட்டேன். ஊட்டைப் பூட்டிட்டு நானே கீழ வந்தர்றேன்.”



“இங்க சூடு உங்களுக்கு ஆகாதுங்களே” என்றாள். “சித்திரை வந்தாத் தூக்கம் புடிக்காம மொட்டை மாடில அங்கயும் இங்கயும் நடப்பீங்க. ஒடம்பெல்லாம் கொப்புளமாக் கெளம்பும். அதைப் பாக்க முடியாமத்தானுங்க நா அந்தக் குளுருக்கே சரின்னு சொன்னது.”