அக்காவின் வேன் மனு

யோக்கியன் என்று பேர் வாங்க ஆசைப்பட்டேன். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வேறு யார் தலையிலும் பழியைப் போட எனக்கு வாய் கிடையாது.

சிறுநிதிக் குழுவில் நான் செயலாளர். வட்டாரத்தில் நல்லது செய்கிற சின்னச் சின்ன அமைப்புகள் உதவித்தொகை கேட்டு அனுப்பும் மனுக்களைப் பிரித்துச் சரிபார்த்துக் குழுவின் முன்னால் வைப்பது என் வேலை. போன தடவை வந்த மனுக்களில் என் அக்காவினுடையதும் இருந்தது. சிறுநீரகம் பழுதான ஆறு பேரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஏற்றிப் போய்க் கூட்டி வருகிறாள். அந்தக் கிழட்டு வேனுக்கு இன்ஜின் வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

சொந்த அக்காவின் மனுவை நானே கொண்டுபோய் வைத்தால் நாலு பேர் வாய் சும்மா இருக்குமா? அதிலும் பொருளாளர் சிரித்துக்கொண்டே குத்துகிற ஆள். எதற்கு வம்பு என்று அதை மட்டும் உருவி டிராயரில் போட்டுப் பூட்டினேன். அன்றைக்கு எனக்கு அப்படியொரு பெருமை, போங்கள்.

"கிடைக்கலையாடா? சரி விடு, உன்னால ஆனதைச் செஞ்சிருப்ப" என்றாள் அக்கா. நான் மறுத்துப் பேசவில்லை.

மறுமாதமே வேன் படுத்துவிட்டது. ஐந்து பேரை வீட்டு ஆட்கள் எப்படியோ கூட்டிப் போனார்கள். ஆறாவது ஆளான தையல்காரருக்கு யாரும் இல்லை. இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் போகாமல் விட்டார், பிறகு இரண்டு நாள்.

நேற்றுக் கூட்டத்தில் தலைவி கேட்டார்: "உங்க அக்கா ஏன் மனுவே போடலை? நாங்க எதிர்பார்த்துட்டு இருந்தோம்."

"இல்ல மேடம்... சொந்தக்காரங்க... அதான்..."

"அட, அதுக்கென்ன? என் தம்பி மனு வந்தப்போ நான் வெளியே போய் டீ குடிச்சிட்டு வரலையா? நீங்கதானே அதைக் குறிப்புல எழுதினீங்க!"

ஆமாம், என் கையால்தான் எழுதினேன். அந்தக் குத்தல் பொருளாளர்கூட, "உங்க அக்கா செய்யறது நல்ல வேலைங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்திருப்போம்" என்றார். சீ, என்ன ஜென்மம் நான்!

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்று முன்தினம் மூச்சுத் திணறித் தையல்காரரைச் சேர்த்திருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரிடமும் உண்மையைக் கொட்டிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்க வீக்கம்.

"தம்பி, அக்கா சொன்னாங்க. எங்களுக்காக அங்க ரொம்பப் போராடினீங்களாமே?"

அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.