ஏழு மணிக்கு மேல் ஓடக் கூடாது

பந்தயப் படிவத்தில் ஆறாவது விதி: காலை ஏழு மணிக்கு மேல் எந்த நாயும் ஓடக் கூடாது. அதை எழுதியவன் எழிலன். கீழே கையெழுத்துப் போட்டவள் இளவரசி.

மணி ஏழே முக்கால்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பின்னால், சவுக்குத் தோப்பை ஒட்டிய மண் பாதையில் ஒன்பது நாய்கள் காத்திருந்தன. ஆறு மணிப் பந்தயம். மேடையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அதன் மேல் புதுத் துண்டு விரித்திருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் தேவநாதன், மனை விற்பவர். டி-சர்ட்டும் கோப்பையும் அவர் கொடுத்தவை. அவர் கொடியசைத்தால்தான் பந்தயம் தொடங்கும்.

"எங்க வர்றாராம்?" என்றாள் இளவரசி.

"பண்ருட்டி தாண்டிட்டாரு," என்றான் எழிலன்.

"ஆறரைக்கும் பண்ருட்டிதான் தாண்டுனாரு."

"வழியில ஒரு காதுகுத்து. தலைய காட்டிட்டு வந்துருவாரு. கொஞ்சம் பொறு."

"ரூல நீதான எழுதுன?"

"நான்தான் எழுதுனேன். ஸ்பான்சர நீயா புடிச்ச?"

அவன் மைக்கை நோக்கிப் போய்விட்டான்.

சிதம்பரத்திலிருந்து நாலு மணிக்குக் கிளம்பி வந்திருந்தாள். சைபுல்லாவின் குட்டியானையில், பின்னால் சாக்கு விரித்து, தன் நாய் டீசலோடு. சைபுல்லா இப்போது வண்டி நிழலில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

"மாட்டுப் பொங்கலுக்கு மாடுகூட இவ்ளோ நேரம் நிக்காதுக்கா," என்றான். "உங்க நாய்க்கு ஒரு சால்வ போர்த்தச் சொல்லுங்க."

அவள் சிரிக்கவில்லை.

பனி விழும் நாடுகளில் வண்டி இழுக்கும் நாய்களின் விளையாட்டு இது. பனி இல்லாத ஊரில் வண்டியும் இல்லை. நாயின் மார்பில் மாட்டும் ஹார்னஸிலிருந்து ஆளின் இடுப்புப் பட்டைக்கு ஒரு கயிறு. நாய் முன்னால் இழுக்கும். ஆள் பின்னால் ஓட வேண்டும். எழிலன் தன் ஜிம்மில் ஒரு வீடியோ காட்டினான். அப்படித் தொடங்கியது.

டீசல் தெருவில் வளர்ந்த நாய். ஆளுக்கு முன்னால் போனால் கல் விழும் என்று அதற்குத் தெரியும். ஹார்னஸ் மாட்டியதும் அவள் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. கீரப்பாளையம் வாய்க்கால் கரையில் ஒரு மாதம் அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். "முன்னாடி போ." போனால் ஒரு துண்டு ஈரல். லேப் வேலைக்குப் போகும் முன் தினமும் அதே கரை, அதே வார்த்தை. இரண்டாம் மாதம் கயிறு முதல்முறை விறைத்தது. அவள் விழுந்தாள். முட்டி கிழிந்தது. அன்று முழுக்க லேபில் சிரித்துக்கொண்டே நோயாளிகளிடம் ரத்தம் எடுத்தாள்.

முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு பெங்களூரில் பெரிய பந்தயம். அவளுக்கு அது வேண்டும்.

எட்டு இருபதுக்கு வெள்ளைக் கார் வந்தது. பொன்னாடை. பூங்கொத்து. பிறகு பேச்சு. வாயில்லா ஜீவன்களிடம் நாம் அன்பு காட்ட வேண்டும் என்றார் தேவநாதன். பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஒன்பது நாய்களும் நாக்கைத் தொங்கவிட்டு வெயிலில் நின்றன.

போய்விடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. போகவில்லை. டீசலின் தலையில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கோட்டில் போய் நின்றாள்.

கொடி விழுந்தது.

டீசல் பாய்ந்தது. சவுக்கு நிழல் இருந்தவரை சரியாக இருந்தது. நாலு பேரைத் தாண்டினார்கள். ஐந்தாவது ஆளையும் தாண்டினார்கள். பிறகு தோப்பு முடிந்து வெட்டவெளி வந்தது. மணலின் சூடு ஷூவுக்குள் ஏறியது. முன்னால் இருவர்தான்.

டீசலின் பின்னங்கால் ஒருமுறை தடுமாறியது. நாக்கு அகன்று, ஒரு பக்கமாகத் தொங்கியது. கயிறு மட்டும் தளரவில்லை.

"நில்லு."

அது நிற்கவில்லை. நிற்க அவள் கற்றுக்கொடுத்ததே இல்லை.

அவள் மணலில் உட்கார்ந்தாள். பட்டை இடுப்பை அறுத்தது. குதிகாலை ஊன்றிக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்தாள். டீசல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக் குரைத்தது. மறுபடி மறுபடி குரைத்தது. தாண்டிய ஐந்து பேரும் இப்போது அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் கைதட்டினான்.

"கத்து," என்றாள். "நல்லா கத்து. என்னையத்தான் கத்தணும்."

பாதையோரம் ஒற்றைச் சவுக்கு. அதன் நிழலுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போனாள். நெற்றியில் மணல். அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது.

கடைசியாக ஜெயப்பிரகாஷ் வந்தார். நெய்வேலிக்காரர். அவருடையது ஹஸ்கி, பனி நாட்டு நாய். ஏசி அறையில் வளர்வது, அடர்ந்த வெள்ளை முடி. அது ஓடவில்லை. நடந்தது. அவர் பின்னாலிருந்து, "ஹை, ஹை," என்று விரட்டிக்கொண்டு வந்தார்.

இளவரசி டீசலின் கயிற்றைச் சவுக்கில் கட்டிவிட்டு, பாதையின் குறுக்கே போய் ஹஸ்கியின் ஹார்னஸைப் பிடித்தாள்.

"ஏம்மா, ரேஸ்ல குறுக்க வர்ற?"

"இதுக்கு மேல ஒரு அடி நடந்தா செத்துரும்."

"என் நாயி. எனக்குத் தெரியாதா?"

"தெரியல. அதான் புடிச்சிருக்கேன்."

"கைய எடு!"

"எடுக்க மாட்டேன். அடிக்கிறதுன்னா அடிங்க."

அவர் கையை ஓங்கவில்லை. ஹஸ்கியே முடிவு செய்தது. முன்னங்கால் மடிந்து அங்கேயே படுத்தது. ஜெயப்பிரகாஷின் முகம் மாறியது. இருவரும் சேர்ந்து அதை நிழலுக்கு இழுத்தார்கள். டீசலுக்குக் கொடுத்தது போக அவளிடம் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. துப்பட்டாவை நனைத்து அதன் வயிற்றில் போட்டாள். ஜெயப்பிரகாஷ், "ராஜா, ராஜா," என்று அதன் காதருகே சொல்லிக்கொண்டிருந்தார். தூரத்தில் மைக் ஜெயித்தவன் பெயரைச் சொன்னது. கைதட்டல் கேட்டது.

எழிலன் பைக்கில் வந்தான். பின்னால் சைபுல்லா உட்கார்ந்திருந்தான்.

"என்னா பண்ணி வச்சிருக்க? ரெண்டு பேரு ஃபினிஷ் பண்ணலன்னு அங்க தேவநாதன் சார் கேக்குறாரு. குரூப் போட்டோ எடுக்கணுமாம்."

"அவர இங்க கூட்டிட்டு வா."

"எதுக்கு?"

"இத பாக்கட்டும். கார்ல வேணாம். நடந்து வரட்டும்."

"கிறுக்கா உனக்கு? இந்த வெயில்ல அவர எப்படி நடக்க வைக்கிறது?"

ஜெயப்பிரகாஷ் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். இளவரசியும் பார்த்தாள். எழிலன் பைக்கை அணைத்தான். ஹஸ்கியின் மூச்சு மட்டும் கேட்டது, மிக வேகமாக.

அவள் துப்பட்டாவை அவன் மேல் எறிந்தாள்.

"காஞ்சி போச்சு. போய் நனைச்சிட்டு வா. ஒரு குடம் தண்ணியும் எடுத்துட்டு வா. ஓடு."

அவன் பைக் சாவிக்குக் கையை நீட்டினான்.

"பைக்க இங்கயே விடு," என்றாள். "சைபுல்லா அதுலயே போயி டாக்டர கூட்டியாருவான். நீ ஓடு."

எழிலன் ஓடினான்.