முக்கு மதில்

தக்கலை ரோட்டோரம் இருந்த எங்கள் செவிடர் பள்ளிக்கு ஐம்பத்திரண்டில் மதில் கட்டினார்கள். கட்டியவர்கள் எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கும். அதுதான் வினையே.

எனக்குக் கேட்காது. எட்டு வயதில் காய்ச்சல் காதைக் கொண்டுபோனது, பேச்சு மிஞ்சியது. பிறர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அங்கே தையல் டீச்சராக இருந்தேன். கமிட்டித் தலைவர் ஞானசிங்கின் உதட்டைப் படிப்பது ரொம்பச் சுலபம். எப்போதும் தன் பெருமையைத்தான் பேசுவார்.

மதிலுக்குக் காரணம் பஸ். பஸ்ஸில் போகிறவர்கள், பிள்ளைகள் கையால் பேசுவதைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஞானசிங்குக்கு மானம் போயிற்றாம். சிரிக்கிறவன் வாயை மூட வக்கில்லாமல் பிள்ளைகளை மூடப் புறப்பட்டார்.

அந்தப் பிள்ளைகளில் வேளாங்கண்ணி ஒருத்தி. குளச்சல் பக்கத்து மீன்காரர் வீட்டுப் பெண். வந்த புதிதில் அழ மட்டும்தான் தெரியும். ஒரே வருஷத்தில், கரைமடி வலை இழுப்பதையும் அவள் அம்மா மீன் விலைக்குச் சண்டை போடுவதையும் கையாலேயே சொல்லி விடுதியைச் சிரிக்க வைத்தாள். எனக்கு அவள்மேல் கொள்ளை ஆசை.

கமிட்டி மேசையில் மதிலின் வரைபடத்தை விரித்தபோது, யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். வாசலின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். பிள்ளைகள் வெளியே வரும் பாதை அந்த முக்கில்தான் திரும்புகிறது.

“முக்குல மட்டும் இடுப்பளவு போதும் சார். வண்டி வாறது பிள்ளையளுக்குக் கண்ணாலதான தெரியணும்” என்றேன். “கிளாஸ்ல பெஞ்சையும் வட்டமா போடணும். வரிசையா இருந்தா ஒருத்தி கையை இன்னொருத்தி எப்பிடிப் பாப்பா?”

ஞானசிங் காண்டிராக்டர் ஜேசுதாஸைப் பார்த்துச் சிரித்தார். “தையல் டீச்சர் மதிலுக்கும் அளவெடுக்கா, கேட்டியா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்த முக்குலதான் எங்க அப்பா பேரு வெட்டுன கல்லு வருது. இடுப்பளவு கட்டுனா பஸ்ஸுல போறவனுக்குத் தெரியுமா? வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான். நீ போய்த் துணியை வெட்டு.”

செவிடர் பள்ளி வாசலில் ஹாரன். ஜேசுதாஸ் அதற்கும் தலையாட்டினான். பட்டணத்தில் படித்தவன் வேறு.

மதில் எழுந்தது. திறப்பு விழா அன்று வேளாங்கண்ணி, பந்தலுக்குப் பூ பறித்துவர வாசலுக்கு ஓடினாள். முக்கில் திரும்பியது ஞானசிங்கின் சொந்தக் கார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் வலக்கை சக்கரத்தடியில் இருந்தது.

“விடாம ஹாரன் அடிச்சேனே சார்” என்று டிரைவர் அழுதான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கையின் விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஞானசிங் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

“கர்த்தர் காப்பாத்தினாரு நேசம்மா. உயிருக்கு ஒண்ணும் இல்லல்லா. கைதான போச்சு” என்றார் என்னிடம்.

அந்தப் பழத்தை அவர் மூஞ்சியில் எறிய வேண்டும்போல இருந்தது. வேளாங்கண்ணி அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத இடக்கையால், தட்டுத்தடுமாறி என்னிடம் கேட்டாள், அவர் என்ன சொல்கிறார் என்று.

அவருக்குப் பேசத் தெரியாது என்று கை காட்டினேன்.