கை பேசும் வேகம்

மூன்றாவது நாளாக அதே சண்டையை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி. திரையில் தையல்காரம்மா ஒரு வாடிக்கையாளரைக் கிழி கிழியென்று கிழிக்கிறார், அதுவும் சத்தமே இல்லாமல். பிறவியிலேயே காது கேளாதவர். பேச்சு, கேலி, கோபம் எல்லாம் கைகளில்தான். அவரைப் பற்றி ஓராண்டாகப் படமெடுத்த அக்காவுக்கு, தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டுக் காட்டுவதற்குப் படத்தை எந்தக் கோடெக்கில், எந்தச் சுருக்கு முறையில் வைப்பது என்று முடிவுசெய்ய மூன்று நாளா? எடிட்டிங் அறையில் இவனுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

அவள் பதறியதற்கும் காரணம் இருந்தது. முன்பு யாரோ தொலைக்காட்சிக்காரர்கள் தையல்காரம்மாவின் கைகளை விட்டுவிட்டு முகத்தை மட்டும் காட்டி, சோக இசை போட்டு, ஊரையே ‘ஐயோ பாவம்’ சொல்ல வைத்திருந்தார்கள். அதனால், படத்தைப் பார்த்த பிறகுதான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து என்று அவர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். போன வாரம் அக்கா, எட்டாயிரம் பிக்சல் அகலத்தில் எடுத்ததை அப்படியே பளபளவென்று காட்டிவிட ஆசைப்பட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கம்ப்யூட்டர் திணறியது. திரையில் மேலே இருந்த கை அடுத்த கணம் மடியில் இருந்தது. நடுவில் நடந்ததைக் காணோம். தையல்காரம்மா பாதியிலேயே எழுந்துவிட்டார்.

“நான் இப்படித் திக்கித் திக்கிப் பேசமாட்டேன்னு அம்மா சொல்றாங்க” என்றாள் கூட வந்த மகள்.

இன்று பதினொரு மணிக்கு மறுபடி வர அவர் ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். இதிலும் எழுந்து போனால் ஓராண்டு உழைப்பு பீரோவுக்குள்தான்.

தம்பி ஒருவழியாக நாற்காலியைத் திருப்பினான். கேமரா பதிவுசெய்யும் கோடெக் சரியான கஞ்சன் என்றான். ஒரு ஃப்ரேமை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். சும்மா நிற்கிற சுவருக்கு அது போதும். இந்தம்மா கோபத்தில் கை வீசினால் எல்லாமே மாறுகிறது. அவ்வளவு பெரிய படத்தில் அதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. ப்ரோரெஸ் ப்ராக்ஸி என்கிற இன்னொரு கோடெக் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாகவே வைக்கும். இடத்தை அடைக்கும், ஆனால் திணறாது. அகலத்தை நாலில் ஒரு பங்காக்கினால் வினாடிக்கு ஐம்பது ஃப்ரேமும் ஒன்றுவிடாமல் ஓடும்.

“அழகு கொஞ்சம் கொறையும்க்கா. பேச்சு கொறையாது.”

துணியின் இழை தெரியும்படி எடுத்ததில் அக்காவுக்கு அவ்வளவு பெருமை. போன வாரம் அந்தப் பெருமையைத்தான் தையல்காரம்மாவிடம் காட்டியிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது. இவனுக்கோ அந்தக் கைப்பேச்சில் ஒரு சொல் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் கைக்கு வந்த காட்சியில் சோதித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவன் மொத்தப் படத்திலும் கை அதிவேகமாக ஓடும் இடத்தைத் தேடிப் பிடித்து, ஏழு விதமாக மாற்றி, ஒவ்வொன்றையும் விரல் விரலாகப் பார்த்திருக்கிறான். இவனைப்போய்த் திட்ட இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. சொன்னால் தலைக்கேறிவிடும் என்று ஆறிப்போன அவன் காபியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

பதினொரு மணிக்குச் சரியாகத் தாயும் மகளும் வந்தார்கள். தையல்காரம்மா கதவை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. தம்பி அந்தச் சண்டையையே முதலில் ஓட்டினான். தானே ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த அளவை மறந்துவிட்டு, சட்டை பிடிக்கிறது என்று எகிறிய ஆள். அவன் தொப்பையைச் சுட்டிக்காட்டிப் பொரிந்து தள்ளும் கைகள். சட்டையை வாரிக்கொண்டு அவன் வெளியேறுவது. அக்கா திரையைப் பார்க்கவில்லை. தையல்காரம்மாவையே பார்த்தாள்.

முதலில் கைப்பை நழுவித் தரையில் விழுந்தது. அப்புறம் அவர் வலது கை எழுந்தது, இடது கையும் சேர்ந்துகொண்டது. திரையில் இருந்தவர் விட்ட இடத்திலிருந்து நாற்காலியில் இருந்தவர் தொடர்ந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அன்னிக்கு இதையெல்லாம் சொல்லாம விட்டுட்டாங்களாம்.”

சம்மதக் கடிதம் மேசையில் கிடந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவில் புகுந்து அதை நீட்ட அக்காவுக்கு மனம் வரவில்லை. தையல்காரம்மா நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலைப் பின்பக்கமாகச் சுழற்றிக் காட்டினார். தம்பி பின்னோக்கி ஓட்டினான். ஒரு ஃப்ரேம்கூடத் தாவவில்லை. போன ஆள் முதுகு காட்டியபடியே கடைக்குள் திரும்பி வந்து, சட்டையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றான். தையல்காரம்மா இரண்டு கைகளையும் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டார்.