மூன்றாம் கூடத்துத் துணிச் சுருள்கள்

தாளின் அடியில் அச்சாகியிருந்தது தன் பெயர்தானா என்று தபேயா இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். தபேயா ஷெங்க், இரண்டாம் ஆண்டு மாணவி. அதற்கு மேலே, "மூன்றாம் கூடம்: துணிச் சுருள்கள் 412. நிலை: நன்று." அவள் அப்படி எழுதவே இல்லை.

ஜெர்மனியின் ரொய்ட்லிங்கன் நகரில் உள்ள ஒரு தணிக்கை நிறுவனத்தில் அவள் வேலை பார்த்துக்கொண்டே படித்துவந்தாள். மூன்று மாதம் கல்லூரி, மூன்று மாதம் அலுவலகம். கல்லூரியில் இருக்கும் மாதங்களுக்கும் நிறுவனம் சம்பளம் தந்தது. பேருந்து ஓட்டும் அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. "என் மக படிக்கிறதுக்கு அவங்க காசு கொடுக்கிறாங்க" என்று பயணிகளிடம்கூடச் சொல்லுவார்.

டிசம்பர் 31 அன்று காலை அவளை ஆல்ப் மலைமேல் இருக்கும் ஒரு பின்னலாடை ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். வருடக் கடைசியில் ஆலை தன் சரக்கை எண்ணும்போது தணிக்கையாளர் தரப்பில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குழுத் தலைவர் ஃபோல்க்மார் ருப்புக்கு அன்று பனிச்சறுக்குப் பயணம். அதனால் மாணவி போனாள்.

மூன்றாம் கூடத்தின் கூரை ஒழுகியிருந்தது. கதவைத் திறந்ததுமே ஈரக் கம்பளி நாற்றம் முகத்தில் அடித்தது. கிடங்குப் பொறுப்பாளர் யூசெல் ஒரு சுருளின் உறையைக் கிழித்துக் காட்டினார். உள்ளே துணி கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று இருவரும் மதியம்வரை பிரித்துப் பார்த்தார்கள். நூற்று எழுபத்தாறு சுருள்கள் வீணாய்ப் போயிருந்தன.

"எழுதிட்டியாம்மா?" என்று கேட்டார் யூசெல்.

"எழுதிட்டேன்."

"ஒவ்வொண்ணா எழுது. கூரை ஒழுகுதுன்னு மூணு வருஷமா கத்திக்கிட்டிருக்கேன். இங்க வர்றவங்க கதவுகிட்ட நின்னு எட்டிப் பாத்துட்டு காபி குடிக்கப் போயிடுவாங்க. உள்ள வந்த முதல் ஆளு நீதான்."

தன் பையிலிருந்த வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸெல் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அந்த நாற்றத்துக்கு நடுவில் அவளால் அதைத் தின்ன முடியவில்லை. ஆனாலும் தின்றாள்.

அடுத்த மூன்று மாதம் கல்லூரி. ஏப்ரலில் அலுவலகம் திரும்பியவளிடம் அந்த ஆலையின் கோப்பை அடுக்கச் சொன்னார்கள். அப்போதுதான் அந்தத் தாளைப் பார்த்தாள். பென்சிலால் அவள் எழுதிய ஐந்து பக்கங்களைக் காணோம். அந்த இடத்தில் இருந்தது தட்டச்சு செய்த இந்த ஒரே பக்கம்தான்.

தாளை எடுத்துக்கொண்டு நேராக ருப்பின் மேசைக்குப் போனாள்.

"மிஸ்டர் ருப், நான் எழுதின தாள் எங்க?"

"அதா? கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. சுத்தமா டைப் அடிச்சு வச்சேன். தேங்க்ஸ் சொல்லு."

"நூத்தி எழுபத்தாறு சுருள் கெட்டுப்போச்சுன்னு எழுதியிருந்தேன். இதுல அது இல்லையே."

ருப் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சிரித்தார். "நீ என்ன துணி டாக்டரா? உன்னை எண்ணத்தான் அனுப்பினோம். கெட்டுச்சா நல்லாயிருக்கான்னு பெரியவங்க பாத்துக்குவாங்க."

"பெரியவங்க யாரும் அங்க போகலையே."

"மெதுவா பேசு."

"நீங்க பாக்காததை நான் பாத்ததா எழுதியிருக்கீங்க. என் பேரைப் போட்டு."

பக்கத்து மேசைகளில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. ருப்பின் சிரிப்பும் நின்றது. "இங்க பாரு தபேயா. அந்த ஆலை முப்பது வருஷமா நம்மகிட்ட இருக்கு. இந்த மாசம் பேங்க்ல கடன் புதுப்பிக்கிறாங்க. நீ இன்னும் பரீட்சையே முடிக்கல. படிப்பு முடிஞ்சதும் இங்க வேலை வேணுமா வேண்டாமா?"

அவளுக்குக் காதுமடல் கொதித்தது. இந்த ஆளுக்கு அந்தக் கூடத்தின் நாற்றம்கூடத் தெரியாது. பனியில் சறுக்கி விளையாடிவிட்டு வந்து, அவள் குளிரில் விரல் விறைக்க எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கிறான். அதுகூடப் பரவாயில்லை. நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் கைகாட்ட ஒரு மாணவியின் பெயரையும் தயாராக வைத்திருக்கிறான். பேனாவை எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே தன் பெயரைக் குறுக்கே அடித்து, "இது நான் எழுதியது அல்ல" என்று எழுதித் தேதி போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? கோப்புத் தாள்ல கிறுக்குற."

"நீங்க கிறுக்கினதுக்குப் பக்கத்துலதான் கிறுக்கியிருக்கேன்."

மாடியில் இருந்தார் லாக்ஸ்மன் அம்மையார். அந்தத் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். தபேயா சொன்னதை முழுக்கக் கேட்டார். ருப்பைக் கூப்பிட்டு விசாரித்தார். "சின்னப் பொண்ணு, எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டா" என்றார் ருப். லாக்ஸ்மன் கார் சாவியை எடுத்தார். "வா, போய்ப் பாக்கலாம்" என்று தபேயாவிடம் மட்டும் சொன்னார்.

மூன்றாம் கூடம் பளிச்சென்று இருந்தது. தரை கழுவியிருந்தது, பிளீச்சிங் வாடை மூக்கைத் துளைத்தது. ஏறக்குறைய பாதி காலி. ஆலை முதலாளி கைஸர் ஓடிவந்து, "சரக்கு போன மாசம் வித்துப்போச்சு, காபி சாப்பிடுறீங்களா?" என்றார்.

"யாருக்கு வித்தீங்க? பில் காட்டுங்க" என்றார் லாக்ஸ்மன்.

கைஸர் ஏதோ முணுமுணுத்தார். சரக்குத்தூக்கி வண்டியை நிறுத்திவிட்டு யூசெல் இறங்கிவந்தார். முதலாளியை ஒரு தடவை பார்த்தார்.

"விக்கல. பிப்ரவரியில மூணு லாரி வந்துச்சு. எல்லாம் குப்பைக்குப் போச்சு. ஏத்தினதே நான்தான்."

"யூசெல், உங்க வேலையைப் பாருங்க" என்றார் கைஸர்.

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அதோடு ஆலையின் கணக்கு மாறியது. கெட்ட சரக்கின் மதிப்பைக் கழித்த பிறகுதான் லாக்ஸ்மன் கையெழுத்துப் போட்டார். தபேயா ஜெயித்துவிட்டாள் என்று சக மாணவர்கள் சொன்னார்கள்.

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. ருப்பை வேறு குழுவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். மே மாதம் யூசெலுக்கு ஆலையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் போனது. வெளியாட்களிடம் நிறுவன ரகசியம் பேசினாராம். அதைக் கேட்டு அவள் மறுபடியும் மாடியேறினாள்.

"அது அவங்க வீட்டு விவகாரம். நம்ம அதுல தலையிட முடியாது" என்றார் லாக்ஸ்மன். "அப்புறம் தபேயா, நீ செஞ்சது சரி. ஆனா அடுத்த தடவை இவ்வளவு கோபம் வேண்டாம். நேரா என்கிட்ட அமைதியா வந்து சொல்லு."

"அவரு உண்மையைச் சொன்னதாலதான் உங்க கையெழுத்து தப்பிச்சுது. அவருக்காக ஒரு லெட்டர் எழுத உங்களால முடியல. நான் எப்படிங்க அமைதியா இருக்கிறது?"

லாக்ஸ்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த வாரமே அவள் விலகல் கடிதம் கொடுத்தாள். வீட்டில் அப்பா முதன்முறையாக அவளிடம் குரலை உயர்த்தினார். "இன்னும் ஒரே வருஷம். வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"நீங்க ஓட்டுற பஸ்ஸுக்கு பிரேக் இல்ல. ஆனா பிரேக் நல்லாயிருக்குன்னு வேற ஒருத்தன் உங்க பேர்ல எழுதி வைக்கிறான். வாயை மூடிக்கிட்டு ஓட்டுவீங்களா?"

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை, அவர் மாணவர்களை வேலைக்கு எடுக்கக்கூடிய தணிக்கை நிறுவனங்களின் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்.

புது நிறுவனம் தேட கல்லூரி எட்டு வாரம் அவகாசம் தந்தது. ஏன் விலகினாய் என்று கேட்ட இடங்களிலெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். இரண்டு நிறுவனங்கள் மரியாதையாகக் கதவைச் சாத்தின. ஏழாவது வாரம் உல்ம் நகரில் ஒரு கூட்டுறவுத் தணிக்கை அமைப்பு எடுத்துக்கொண்டது. அவள் சொன்னது பிடித்துப்போய் அல்ல. அவர்களுடைய மாணவன் ஒருவன் பாதியில் ஓடிப்போயிருந்தான்.

அக்டோபரில் ஒருநாள் காலை ரயிலடியில் ருப் எதிரே வந்தார். பழகிய ஆளைப் பார்த்ததுபோலத் தலையை ஆட்டிச் சிரித்தார், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல. தபேயா நின்றாள். அவர் கண்ணையே பார்த்தபடி நின்றாள். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து முழுக்க இறங்கிப் போன பிறகுதான் உல்ம் வண்டியில் ஏறினாள்.